மாமனார் கொடுத்த வாள்

வாளில் துரு ஏறிவிட்டது என்று மனைவி சொன்னதும் இளைய மாப்பிள்ளை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

"லேசாவா?" என்றான்.

"இப்போதைக்கு லேசா. இனி ஒவ்வொரு வெட்டுக்கும் பலம் குறையும். சாபம்."

ஞாயிறு மதியமானால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கதை விளையாட்டுக்காக ஒரு காட்டின் வரைபடம் விரிந்துவிடும். ஆளுக்கொரு வீரன், நடப்பதைச் சொல்வது மனைவி, முடிவைச் சொல்வது இருபது முகப் பகடை. வாளும் காகிதத்தில் எழுதிய வாள்தான். ஆனால் அது மாமனாரின் வாள். கல்யாணத்துக்கு முன் இவனிடம் "வாங்க", "போயிட்டு வாங்க" தவிர வேறு பேசாத மனிதர், கல்யாணமான முதல் ஞாயிறே தம் பழைய வீரனுக்கு ஓய்வு கொடுத்து, அவன் வாளை இவனிடம் நீட்டினார். பல் டாக்டரான மூத்த மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, லிஃப்ட் மெக்கானிக்கான இவனுக்கு. அன்று முதல் இவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எல்லாம் அந்தக் கிணற்றால் வந்தது. சூனியக்காரியின் கிணற்றுக்குள் வெள்ளி மின்னுகிறதே என்று வாளை விட்டுத் துழாவியிருக்கக் கூடாது. நல்லவேளை, மாமனார் பால்கனியில் போன் பேசிக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் சரிசெய்துவிட்டால் போதும்.

"துருதானே? லாந்தர்ல இருக்கிற எண்ணெயை ஊத்தி ஊற வைக்கிறேன்."

முரண்டு பிடித்த எத்தனையோ போல்ட்டுகளை வழிக்குக் கொண்டுவந்த கை அது. பகடை உருண்டு இரண்டில் நின்றது.

"எண்ணெயோட சேர்ந்து சாபமும் வழியுது. கைப்பிடி போச்சு. இரும்புக் கையுறையும் போச்சு."

"துடைச்சிடறேன்."

"எதால?"

"மேலங்கியால."

"அங்கி பட்ட இடத்துல மார்க்கவசம் ஓட்டையாகுது."

மிச்சமிருந்தது செருப்பு மட்டும்தான். அதில் துருப்பிடிக்க ஆணி இருக்கிறதா என்று மனைவி யோசித்துக்கொண்டிருந்தாள்.

இவன் மூத்த மாப்பிள்ளை பக்கம் குனிந்தான்.

"சகலை, உங்க மந்திரச் சுத்தியலால ஒரே ஒரு தட்டு தட்டுங்களேன்."

சகலை தம் வீரனின் பொம்மையை மேசையின் மறுகோடிக்கு நகர்த்திக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. அந்த வாள் பக்கமே நான் வரமாட்டேன்."

பொறாமை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டான். பால்கனியில் "சரி, வச்சிடறேன்" என்ற குரல் கேட்டது.

"ஆத்துல எறிஞ்சிடறேன்" என்றான் அவசரமாக. "சண்டையில தொலைஞ்சு போச்சுன்னு மாமாகிட்ட சொல்லிக்கலாம்."

மனைவி பகடையைத் தொடக்கூட இல்லை. "எறிஞ்சீங்க. முழுகிடுச்சு. குனிஞ்சு பார்த்தா இடுப்பு உறையில இருக்கு. நனைஞ்சதால துரு ரெண்டு மடங்கு."

பால்கனிக் கதவு திறந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை. இவன் எழுந்து நின்றான்.

"மாமா, உங்க வாளை நான் பாழாக்கிட்டேன். கிணத்துல விட்டிருக்கக் கூடாது. புத்தி போச்சு." இனிமேல் பழையபடி "வாங்க", "போயிட்டு வாங்க"தான் என்று நினைத்தான்.

மாமனார் கோபப்படவில்லை. அருகில் வந்து தோளைத் தட்டினார்.

"விடுங்க மாப்பிள்ளை. வாளா முக்கியம், மனுஷன்தான் முக்கியம். எப்படியிருந்தாலும் அது உங்க வாள். திருப்பித் தரணும்னு மட்டும் நினைச்சுடாதீங்க."

இவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு மாமனார் யாருக்கு வாய்ப்பார்?

அதுவரை சோபாவில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கிணறு என்னங்க பண்ணும், பாவம்? பெரிய மாப்பிள்ளை தொடவே மாட்டேன்னுட்டாரு, மனசார வாங்கிக்க இன்னொருத்தர் வந்தாத்தான் அந்த வாளோட சாபம் உங்களை விடும்னுதானே சின்னவ கல்யாணத்துக்கே அவ்வளவு அவசரப்பட்டீங்க?"