உப்புத்தாள் ரோட்டில் நின்ற கார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் இருந்தவர்கள்:

மாமனார். பஸ் டிப்போ மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் எதிரில் நிற்பவர்களை லேட்டாக வந்த டிரைவர்களாகவே பார்ப்பவர்.

மாமியார். கணவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையாட்டிவிடுபவர்.

மைத்துனன். காரோடு செல்ஃபி எடுப்பதற்கென்றே புதுச் சட்டையில் வந்தவன்.

மனைவி. உண்மை தெரிந்த ஒரே ஆள். அதனால் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லுக்காரர். வீட்டின் சொந்தக்காரர். லேபில் உட்கார்ந்து பல்செட் செய்பவர் என்பதால் தெரு வைத்த பெயர்.

இல்லாதது: கார்.

"எங்க மாப்ளே வண்டி?" என்றார் மாமனார்.

அந்த 'மாப்ளே'தான் எல்லாவற்றுக்கும் காரணம். கல்யாணமான நாளிலிருந்து அவர் பல்லுக்காரரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "இந்தாப்பா" என்பார். மகளிடம் பேசும்போது "உன் வீட்டுக்காரன்." ரொம்ப சந்தோஷமாக இருந்தால் "தம்பி." இரும்பையும் டீசலையும் கட்டி மேய்த்தவருக்கு, மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்குகிறவரை ஒரு ஆளாகவே மதிக்கத் தோன்றவில்லை. மாப்பிள்ளையின் ஸ்கூட்டரைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கார் பொய்யில்லை. இருந்தது. 1970ஆம் வருஷத்து அமெரிக்க ஷெவெல் எஸ்எஸ். கருஞ்சிவப்பு உடம்பு, பானெட்டில் இரண்டு கறுப்புப் பட்டைகள், உள்ளே எட்டு சிலிண்டர் எஞ்சின். நீளம் மட்டும் ஒரு சாண்.

பல்லுக்காரர் அதைப் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் துண்டுகளிலிருந்து கட்டினார். துண்டு துண்டாக நறுக்கி, ஒட்டி, இடுக்குகளில் பட்டி பூசி, பல் தேய்க்கும் குட்டிச் சக்கரத்தால் தேய்த்து, பெயின்டை மெல்லிசாகப் பல தடவை அடித்து, ஸ்பார்க் பிளக் வயர்களுக்கு பல் கம்பி வைத்து. முடிந்ததும் ஒரு பலகையில் கறுப்பு உப்புத்தாளை ஒட்டினார். அதுதான் ரோடு. பலகையை வாசலில் ஸ்டூல் மேல் வைத்து, போனைத் தலைகீழாகப் பிடித்து, டயர் உயரத்துக்குக் குனிந்து படம் எடுத்தார். பின்னால் எதிர்வீடும் மரமும் நிஜம். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது. பார்க்கிறவன் ஒரு நொடி ஏமாற வேண்டும், அவ்வளவுதான்.

குடும்பக் குழுவில் படத்தைப் போட்டு, "ஒருவழியா முடிச்சிட்டேன்" என்று எழுதினார்.

குடும்பம் ஒரு நொடியோடு நிறுத்தவில்லை.

முதல் பதில் மாமனாரிடமிருந்து வந்தது. "வாழ்த்துகள் மாப்பிள்ளை. சொல்லாமல் சாதித்துவிட்டீர்கள்."

பல்லுக்காரர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு "நன்றி மாமா" என்று பதில் போட்டார். அந்த இரண்டு வார்த்தைக்கு அவர் இப்போது ஹாலில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு மாமா."

"எந்த ஒர்க்‌ஷாப்?"

"அது கொஞ்சம் தள்ளி..."

"ஞாயித்துக்கிழமை எவன் ஒர்க்‌ஷாப் திறந்து வெச்சிருக்கான்? இந்த மாதிரி வண்டிய மெக்கானிக்கை நம்பி விடலாமா? பாதி சாமானைக் கழட்டிடுவான். கிளம்புங்க, நான் கீழ படுத்துப் பாக்கறேன்."

"அப்பா, இடுப்பு வலின்னு சொன்னீங்க" என்றாள் மனைவி.

"அது வீட்டுல இருந்தா வர்ற வலி."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு தையல்காரர் கத்தரிக்கோலைத் திருப்பித் தர வந்தார். மைத்துனன் அவரைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, அத்தான் கார் எப்படி? தெருவே ஆடுதா?"

"காரா? என்ன கார்? நான் நாள் பூரா ஜன்னல்லதான் உக்காந்திருக்கேன். அப்படி எதுவும் நிக்கலையே தம்பி."

மாமனாரின் புருவம் மெதுவாக மேலே ஏறியது. 'இந்தாப்பா' என்ற சொல் அவர் தொண்டைவரை வந்துவிட்டது பல்லுக்காரருக்குத் தெரிந்தது.

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல மாமா" என்றார். "வண்டி திருடு போயிடுச்சு."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமனார் அதிரவில்லை. சந்தோஷப்பட்டார் என்றே சொல்லலாம். ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கவில்லை. "எல்லாரும் செருப்பைப் போடுங்க. போலீஸ் ஸ்டேஷன் போறோம்."

"எல்லாருமா?"

"தனியா போனா மதிக்க மாட்டான்."

இன்ஸ்பெக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "அடேயப்பா. வண்டி நம்பர் என்ன?"

"இன்னும் போடலைங்க."

"எஞ்சின் நம்பர்?"

பல்லுக்காரருக்குப் பொம்மை வந்த பெட்டியின் மூலையில் அச்சடித்திருந்த எண் மட்டும்தான் மனப்பாடம். அதைச் சொன்னார். ஏட்டு அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

"இந்த வண்டிய வேற யாராச்சும் நேர்ல பாத்திருக்கீங்களா?"

பல்லுக்காரருக்கு மூச்சு வந்தது. யாரும் பார்க்கவில்லை. சாட்சி இல்லாத கேஸ் தானாகச் செத்துப்போகும். அவர் மாமனாரைப் பார்த்தார்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "பாத்திருக்கேனாவா? ஏறி உக்காந்து ஒரு ரவுண்டு போயிருக்கேன்."

டிப்போ நண்பர்கள் அத்தனை பேரிடமும் போன வாரமே அவர் அப்படிச் சொல்லி வைத்திருந்தார் என்பதும், அதில் ஒருவர் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை நடத்துகிறார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

"நான் ஓட்டியே பாத்திருக்கேன் சார்" என்றான் மைத்துனன். "ஆக்சிலேட்டர்ல கால் வெச்சா போதும், வயிறு முதுகுக்குப் போயிடும்."

"பின் சீட்டுதான் கொஞ்சம் குழி" என்றார் மாமியார். "எனக்குக் கால் மரத்துப்போச்சு."

இன்ஸ்பெக்டர் பல்லுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க எவ்வளவு தூரம் ஓட்டியிருப்பீங்க?"

"நான் தள்ளித்தான் பாத்திருக்கேன்."

"ஸ்டார்ட்டிங் டிரபிளா?"

"ஆமா" என்றார். வேறென்ன சொல்ல?

இப்போது அவர் உண்மையைச் சொன்னால் பொய் சொன்னவர்கள் ஒருவரல்ல, நாலு பேர். அதில் ஒருவர் மாமனார். மாமனாரைப் போலீஸ் ஸ்டேஷனில் பொய்யராக்கிவிட்டு எந்த மருமகனும் மாப்பிள்ளையாக இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் செருப்பை உள்ளே எடுத்து வைத்தார். "வண்டி கிடைக்கற வரைக்கும் நாங்க இங்கதான். உங்களை இந்த நிலைமையில விட்டுட்டுப் போக முடியாது மாப்ளே."

அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட அறையின் கட்டிலுக்கு அடியில்தான் ஷெவெல் ஒரு ஷூ பெட்டியில் படுத்திருந்தது.

"சொல்லித் தொலைங்களேன்" என்றாள் மனைவி, பாத்திரம் கழுவுகிற சத்தத்தின் நடுவே. "என்ன, கொஞ்ச நாள் திட்டுவாரு. பழக்கமில்லாததா?"

"இப்ப நீ ஒருத்தி என்னைத் திட்டு. அவரு வேணாம்."

"மாப்ளேன்னு ஒருத்தர் கூப்பிடறதுக்கா இவ்வளவு?"

"உன்னை யாராவது இந்தாம்மான்னு இத்தனை வருஷம் கூப்பிட்டிருந்தா தெரியும்."

அவள் குழாயை மூடினாள். "உங்க அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடறாங்க" என்றாள்.

மறுநாள் மாமனார் குளிக்கப் போன சமயம் பல்லுக்காரர் ஷூ பெட்டியை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு லேபுக்குப் போனார்.

முழுக் காராக இருக்கும்வரை அது சாட்சி. துண்டாகிவிட்டால் குப்பை. பல் சுரண்டுகிற ஊசியால் கண்ணாடியை நெம்பினார். தான் ஒட்டியது என்பதால் லேசில் வரவில்லை. கதவு கீலோடு பிய்ந்தது. எஞ்சினைப் பிடுங்கும்போது வயர்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாரு பல்லு அது?"

"என்னோடது" என்றார் பல்லுக்காரர்.

துண்டுகளைப் பழைய அச்சுகளோடு போட்டுக் குப்பைத் தொட்டியில் கொட்டினார். மனசு கனத்தாலும் தலை லேசானது. இனி இல்லாத காரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கேஸ் கிடந்து தூசி பிடிக்கும். மாமனாரும் ஒருநாள் ஊருக்குப் போய்ச் சேர்வார்.

வார நடுவில் ஏட்டு போன் செய்தார். "சார், நல்ல செய்தி. உங்க கார் கிடைக்கல."

"அப்படியா" என்றார் பல்லுக்காரர், துள்ளலை அடக்கிக்கொண்டு.

"ஆனா திருடன் கிடைச்சிட்டான். ஒத்துக்கிட்டான். மாமாவைக் கூட்டிட்டு வந்துடுங்க."

மனைவி இந்த முறை பாத்திரச் சத்தத்துக்குக் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு நேராகவே பேசினாள். "விளையாட்டு போதும். எவனோ ஒரு அப்பாவிய அடிச்சு ஒத்துக்க வெச்சிருக்காங்க. அவனை உள்ள தள்ளிட்டு நீங்க இங்க மாப்பிள்ளையா உக்காந்திருந்தா, நான் சோறு போட மாட்டேன்."

"சொல்லிடறேன்."

"எங்க அப்பா முன்னாடி?"

"உங்க அப்பா முன்னாடியே."

நிஜமாகவே அந்த முடிவோடுதான் போனார். வழியெல்லாம் வாக்கியத்தை ஒத்திகை பார்த்தார். 'மாமா, அது பொம்மை.' மூன்றே வார்த்தை. ஸ்கூட்டரின் பின்சீட்டில் மாமனார் தோளில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "வண்டி போனா போகட்டும் மாப்ளே. இன்னொண்ணு வாங்குவீங்க. உங்களுக்கு அந்தத் தெம்பு இருக்கு." அந்தக் கை வேறு கனத்தது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். இந்தக் கேஸ் அவருக்கே ஒரு மதிப்பைக் கொடுத்திருந்தது. "பேரு சாவி. எந்தப் பூட்டா இருந்தாலும் திறப்பான். உங்க வண்டியப் பார்ட் பார்ட்டாக் கழட்டிக் குப்பையோட குப்பையா தள்ளிவிட்டுட்டானாம். அதான் கிடைக்கல."

பல்லுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "நான் அவர்கிட்ட ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்."

"அடிக்கக் கூடாது."

"அடிக்க மாட்டேன்."

மாமனாரை வாசல்பக்கம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பெரியவர் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். மாமனார் சும்மா இருப்பாரா? போனை எடுத்துப் படத்தைக் காட்ட ஆரம்பித்தார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

சாவி லாக்கப்புக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். ஒல்லி. தலை வாரி, சட்டையை உள்ளே விட்டிருந்தான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் சாவிக்கொத்தோடு ஏட்டு.

பல்லுக்காரர் குனிந்து ரகசியமாகக் கேட்டார். "உங்களை ரொம்ப அடிச்சாங்களா?"

"இல்லையே. டீ வேணுமான்னு கேட்டாங்க."

"பயப்படாதீங்க. நான் உண்மையச் சொல்லிடப் போறேன். அந்தக் கார் நிஜமில்ல." கையை ஒரு சாண் விரித்துக் காட்டினார். "இவ்வளவுதான். பிளாஸ்டிக். நானே ஒட்டினது."

சாவி அந்தச் சாணைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. "கார் இல்லைன்னு தெரியும் சார்."

"தெரியுமா?"

"அப்படி ஒரு வண்டி இந்த ஏரியாவுல நின்னா, உங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். தொழில் சார்."

"அப்புறம் ஏன்யா ஒத்துக்கிட்டே?"

"ஒத்துக்கலை. எதிர் டீக்கடையில கேஸைக் கேள்விப்பட்டு நானா வந்து சொன்னேன்."

"பைத்தியமா உனக்கு?"

"இதுவரைக்கும் நான் எடுத்ததெல்லாம் சைக்கிள், பழைய மொபெட், ஒரு தண்ணி மோட்டார்" என்றான் சாவி. குரலில் சலிப்பு. "மோட்டார்கூட ஓடாதது. தயவுசெஞ்சு உண்மை கிண்மைன்னு கெடுத்துடாதீங்க. வெளிய வந்ததும் உங்க வீட்டுக்கு வந்து நன்றி சொல்றேன்."

"வீட்டுக்கெல்லாம் வேணாம். ஒரு பொம்மைக்காக ஜெயிலுக்குப் போறியே, உனக்கு இதுல என்ன லாபம்?"

"நேரமாச்சு, எழுந்திரு" என்றார் ஏட்டு.

சாவி டம்ளரைக் கீழே வைத்தான். காலரைச் சரிசெய்துகொண்டான். வாசல்பக்கம் கண்ணைக் காட்டினான். அங்கே பெரியவர் போனை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, வாயைப் பிளந்தபடி மாமனாரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க மாமனார் பக்கத்துல உக்காந்திருக்காரே சார், அவரு என் மாமனாரு."

சொல்லிவிட்டு மாப்பிள்ளை நடை போட்டு உள்ளே போனான். ஏட்டு கதவைச் சாத்திப் பூட்டினார்.