பளபளப்பு வாத்தியாரும் தொட்டித் தண்ணீரும்

சேலம் ஜில்லாவில் பளபளக்கிற எந்தப் பொருளும் எங்கள் பளபளப்பு வாத்தியாரிடமிருந்து தப்பியதில்லை. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. காலேஜில் யாருக்கும் அது நினைவில்லை. பௌதிக லெக்சரர். திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டம் துரவுள்ள குடும்பம். அதையெல்லாம் தம்பிமாரிடம் விட்டுவிட்டு, கட்டைவிரல் பருமனில், நிகோல் பட்டகம் என்கிற ஒரு படிகத் துண்டைக் கட்டிக்கொண்டு அழுதார்.

கண்ணாடியிலோ தண்ணீரிலோ பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சரியான சாய்வில் நின்று பட்டகத்தைத் திருப்பினால் அந்தப் பளபளப்பு அணைந்துபோகும். போலரைசேஷன் என்பார்கள். அதை அளப்பதுதான் அவர் பிழைப்பு. கல்யாணப் பந்தியில் வாழையிலையை அளந்துகொண்டிருந்தார்; சாம்பார் வாளிக்காரர் காத்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் பிரின்சிபாலின் வழுக்கையையும் விடவில்லை. "சாய்வு சரியில்லீங்க, கொஞ்சங் குனிஞ்சுக்குங்க" என்று பணிவாகச் சொன்னார். பிரின்சிபால் குனிந்துவிட்டார், அதுதான் அதிசயம்.

பக்கத்து ரசாயன அறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த நான், மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

ஒரு வருஷம் சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்த மறுநாள், சர்வகலாசாலை இன்ஸ்பெக்டர் வந்தார். பௌதிக வகுப்பு நீடிப்பதும் இழுத்து மூடுவதும் அவர் கையில். மூடினால் வாத்தியார் ஊருக்குப் போய் ஏர் பிடிக்க வேண்டியதுதான். நானும் போய்ச் சோதனை மேஜையை எட்டிப் பார்த்தேன். அட்டெண்டர் பூஜையன்று பக்தி முற்றி, பளபளப்பை அளக்க வைத்திருந்த கறுப்புக் கண்ணாடித் தகடு முழுக்கச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமமும் வைத்திருந்தார். காய்ந்துபோனதைக் காலையில் அரத்தால் சுரண்டியும் இருந்தார். இன்ஸ்பெக்டர் பட்டகத்தை எப்படித் திருப்பியும், கீறல் விழுந்த தகட்டில் வெளிச்சம் அணையவே இல்லை. அவருடைய பென்சில் காகிதத்துக்குப் போயிற்று. அட்டெண்டர் அழுதேவிட்டார்.

வாத்தியார் அவரைத் தட்டிக்கொடுத்தார். "சாமிக்கு வெச்சதுக்கு ஆரென்ன பண்றதுங்க" என்றவர், இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, சித்த வெளிய வாரீங்களா? தொட்டித் தண்ணிக்கு ஆரும் சந்தனம் பூசலீங்க."

காலேஜ் தோட்டத்துத் தொட்டியில் வானம் வெள்ளையாகக் கிடந்தது. சாய்வு கிடைப்பதற்காக, கோட்டும் டையுமாக இருந்த இன்ஸ்பெக்டரைச் சேற்றில் மண்டியிட வைத்தார். இன்ஸ்பெக்டர் பட்டகத்தை மெல்லத் திருப்பினார். திருப்பியவர் எழுந்திருக்காமல் அப்படியே இருந்துவிட்டார்.

பிறகு நானும் பார்த்தேன். தண்ணீர் மேலிருந்த வானம் காணாமல் போயிருந்தது. அடியில் கூழாங்கல், பாசி, ஒரு கெண்டைக்குஞ்சு, தரையில் அதன் நிழல். நித்தமும் கைகழுவுகிற தொட்டிக்கு அடி ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அங்கீகாரம் நீடித்து உத்தரவு வந்த அன்று, சொல்ல ஓடினேன்.

"அது கெடக்குதுங்க" என்றார் வாத்தியார். "அன்னைக்கு அவரு எந்திரிக்க மனசில்லாம இருந்தாரே, பாத்தீங்களா?"

கண் கலங்கியிருந்தது அவருக்கு. அந்த மனுஷனோடு ஒரே வராந்தாவில் நடந்தவன் என்பதைவிட எனக்கு வேறு பெருமை கிடையாது.