கொட்டாங்கச்சி அவரை

அவரைச் செடி வெந்துபோயிருந்தது.

அழகிரி கையில் காலிச் சட்டியோடு கொல்லையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரிசி கழுவிய தண்ணீர் செடிக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தான். அடுப்படியில் இரண்டு சட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் கழுநீர், மற்றதில் அப்போதுதான் சோறு வடித்த கஞ்சி. சட்டியைத் துணி பிடித்துத் தூக்க வேண்டியிருந்ததே, அப்போதாவது மனுஷன் யோசித்திருக்கலாம். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் நாள் முழுக்க எடை போடுகிறவனுக்கு வீட்டுக்கு வந்தால் யோசனை ஓடுவதில்லை.

"அப்பா, செடி எப்படி இருக்கு?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நல்லா இருக்கு தாயி" என்றான் அழகிரி. முதல் பொய் அதுதான்.

வள்ளிக்கண்ணு பாலக்கரையில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள். அறுபதாம் வருடத்துப் பங்குனியில் அவளுடைய ரெங்கம்மாள் டீச்சர் வகுப்புக்கு ஒரு தோட்ட வேலை கொடுத்திருந்தார். ஆளுக்கொரு கொட்டாங்கச்சி. அடியில் ஒரு கண்ணைத் துளைத்து, வெளிப்பக்கம் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாகப் பூசி, மண் நிரப்பி, ஓர் அவரை விதை ஊன்ற வேண்டும். செடி ஒரு சாண் வளர்ந்ததும் எல்லாவற்றையும் பள்ளிக்கூட வேலியோரம் நட வேண்டும். வள்ளிக்கண்ணுவின் விதைதான் வகுப்பிலேயே முதலில் முளைத்தது. அவள் அதற்குக் காலையில் குட்மார்னிங் சொன்னாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அன்றைய பாடத்தை ஒப்பித்தாள். இந்தச் சமயத்தில்தான் அவளுக்கு அம்மை போட்டது.

வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தெருப்பக்கத்து அறையில் வேப்பிலை பரப்பி அவளைப் படுக்க வைத்தார்கள். படுக்கும்போது அவள் சொன்னது ஒன்றுதான். "அம்மாவுக்கு வேலை இருக்கும். செடியை நீங்கதான் பாத்துக்கணும்பா."

வேறு சமயமாக இருந்தால் அழகிரி உண்மையைச் சொல்லியிருப்பான். அம்மை வார்த்திருக்கிற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்குள் படுத்திருப்பது வள்ளிக்கண்ணு மட்டும் இல்லை, மாரியாத்தாளும் சேர்ந்துதான். பிள்ளை முகம் வாடக் கூடாது, கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஆத்தாளுக்குக் கோபம் வரும், முத்து இன்னும் அதிகமாகப் போடும். ஆனால் ஆத்தாளிடமே பொய் சொல்வது மட்டும் நல்லதா? அழகிரி கொல்லைக்குப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஒரு பொய்க்கு ஒரு தேங்காய் சமயபுரத்தில் உடைப்பதாக வேண்டிக்கொண்டான். அந்த வாரக் கடைசிக்குள் தேங்காய்க் கணக்கு அவனுக்கே தவறிவிட்டது.

காரணம் இதுதான். வள்ளிக்கண்ணு தினமும் கேட்டாள். நேற்றுப் போலவே இருக்கிறது என்று சொன்னால் அவள் முகம் சுருங்கியது. சுருங்கவிடக் கூடாதே. ஆகவே செடி ஒரு நாள் புது இலை விட்டது. மறுநாள் சுருள் விட்டது. அதற்கு மறுநாள் கொழுகொம்பு கேட்டது. கொட்டாங்கச்சி போதாமல் கொல்லையில் தரைக்கு மாறியது. மகள் சிரிக்கச் சிரிக்க அழகிரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு நாள் அவனுடைய நாக்கு அவனைக் கேட்காமலே, பூ வைத்துவிட்டது என்று சொல்லிவிட்டது.

"என்ன கலருப்பா?"

"ஊதா."

தெருப்பக்கத்து ஜன்னலுக்கு வெளியே சாயங்காலங்களில் அவளுடைய சிநேகிதிகள் வந்து தள்ளி நின்று பேசிவிட்டுப் போவார்கள். எதிர்வீட்டு மளிகைக்கடை பரக்கத் அலியின் மகள் கமர் ஜஹான்தான் அதில் தலைவி. ஊதாப்பூச் சேதி அன்றே ஜன்னல் வழியாகத் தெருவுக்கும் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது. டீச்சரிடமிருந்து பதில் வந்தது. மற்றப் பிள்ளைகளின் செடி இப்போதுதான் ஒரு சாண் வந்திருக்கிறது, பூவே விட்ட அவரையை வகுப்பு முழுவதும் பார்க்க ஆசைப்படுகிறது, வள்ளிக்கண்ணுவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வேப்பிலை எடுத்த மறுநாள் எல்லோரும் வருகிறோம் என்று.

அழகிரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மார்க்கெட்டில் விதை விற்கிற பிச்சையிடம் போய்ப் பூ விட்ட அவரைச் செடி இருக்கிறதா என்று கேட்டான். பிச்சை விதைதான் விற்பான். ஆனாலும் வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாதவன், எங்கிருந்தோ ஒரு செடியைக் கொண்டுவந்து கொடுத்தான். அழகிரி அதைக் கொல்லையில் நட்டு, மனைவி பொன்னுத்தாயைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அவரைக்கு மூணு இலை சேந்து இருக்கும். இது மொளகாச் செடிங்க."

"சின்னப் பிள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"அவரை நட்டு வளக்கிற பிள்ளைங்கதானே வருது" என்றாள் பொன்னுத்தாய். மகளிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அவன் கேட்டபோது, உங்கள் இஷ்டம் என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுகிறாள் என்று அழகிரி நினைத்தான்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் அவரைப் பந்தல் போட்டிருக்கிற மருதை, மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுவருகிறவன். வள்ளிக்கண்ணுவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று மத்தியானம் மண்டியில் லீவு சொல்லிவிட்டு அழகிரி அவனிடம் ஓடினான். அவரைப் பருவம் முடிகிற நேரம், பந்தலில் பாதி காய்ந்து கிடந்தது. கடைசியாகப் பூத்திருந்த ஒரு கொடியை மருதை வேரோடு தோண்டிச் சாக்கில் கட்டிக் கொடுத்தான். இத்தனை வயதான கொடியைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது என்று எச்சரிக்கவும் செய்தான். நாளை ஒரு பொழுதுக்கு நின்றால் போதும் என்றான் அழகிரி.

கொடியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தான். காவேரிப் பாலம் வருவதற்குள் அது சுருள் பிரிந்து, முன் ஸீட்டில் பன்னிரண்டு திருமண் துலங்க உட்கார்ந்திருந்த பெரியவரின் குடுமியில் சிக்கிக்கொண்டது.

"ஓய், இதென்ன, பெருமாள் கைங்கர்யத்துக்கா கொண்டு போறீர்?" என்றார் அவர், தலையைத் திருப்ப முடியாமல்.

அழகிரி கதையைச் சொன்னான். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாலம் தாண்டுகிற வரை தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்து, கொடி அறுந்துவிடாமல் பிரிக்க இடம் கொடுத்தார். பூக்கள்தான் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டன. பாதி பஸ்ஸில் உதிர்ந்தன, மீதி குடுமியோடு இறங்கிப்போயின.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கொடியில் மிஞ்சியது இரண்டே இரண்டு பூ. உதிர்ந்ததில் பொறுக்கிவந்ததை வாழைநாரால் கட்டினான். கட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து, காய் பிடித்துவிட்டதா என்று குரல் வந்தது. குரலில் அத்தனை ஆசை. பிடித்துவிட்டது என்றான். வேறு என்ன சொல்வான்? மறுபடி மார்க்கெட்டுக்கு ஓடி அவரைக்காய் வாங்கி வந்து அதையும் நாரால் கட்டினான். ஊதாப் பூவில் காய்க்கிற காய்க்கு ஓரம் சிவந்திருக்கும், இது வெளுத்துக் கிடக்கிறது என்றாள் பொன்னுத்தாய். அவன் மாரியாத்தா படத்துக்கு முன்னால் இருந்த குங்குமத்தைக் குழைத்து, ஒவ்வொரு காயாக ஓரம் தீட்டினான். அதற்கும் சேர்த்துத் தேங்காய் உடைப்பதாகச் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் வகுப்பே வந்துவிட்டது. சந்து நிறையச் செருப்பு. வள்ளிக்கண்ணு புதுப் பாவாடை கட்டி, முகத்தில் தழும்போடு, இளைத்துப்போய், அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். அவளுடைய கை எவ்வளவு லேசாகிவிட்டது. இந்தப் பிள்ளை இப்போது அழுதால் அவனால் தாங்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். கொடி பொய், பூ பொய், காய் பொய், ஆனால் அவள் சிரிக்க வேண்டும்.

கொடி காலையிலேயே தலை தொங்க ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் பட்டை போட்ட கொட்டாங்கச்சி, சாட்சிக்கு.

பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அழகிரியின் முதுகில் வேர்வை இறங்கியது. பிறகு கமர் ஜஹான் "யா அல்லா, எவ்வளோ பெரிசு" என்றாள். உடனே எல்லோரும் சேர்ந்து அதிசயப்பட்டார்கள். பூவைப் பார் என்றது ஒன்று, காயைப் பார் என்றது இன்னொன்று. தாஜுதீன் என்கிற பையன் இப்படிப்பட்ட செடியைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்றான். அவன் சொல்லி முடிக்கும்போது ஒரு காய் நார் அவிழ்ந்து கீழே விழுந்தது. நல்லவேளை, அவன் அதைக் கவனிக்காமல் காலால் மிதித்துக்கொண்டு நின்றான். ரெங்கம்மாள் டீச்சர் குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டார். வடிகஞ்சி என்று அழகிரி உளறினான். டீச்சருக்கு இருமல் வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வள்ளிக்கண்ணு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சொன்ன மாதிரியே இருக்குப்பா" என்றாள். சிரித்தாள். அழகிரிக்குப் பட்ட பாடெல்லாம் மறந்துபோயிற்று.

பொன்னுத்தாய் எல்லோருக்கும் பானகம் கொடுத்தாள். டீச்சர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அழைத்துக்கொண்டு போனார். வள்ளிக்கண்ணு களைத்துப்போய் உள்ளே படுக்கப் போனாள். அழகிரி கொல்லையில் தனியாகத் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். தப்பித்தோம். ஆத்தா காப்பாற்றிவிட்டாள். வாழ்நாளில் இனிப் பொய்யே சொல்லக் கூடாது.

திரும்பினால் கமர் ஜஹான் நின்றுகொண்டிருந்தாள். எதிர்வீடுதானே, வரிசையிலிருந்து நழுவி வந்துவிட்டாள். அடுப்படிப் பக்கம் ஒரு தரம் எட்டிப்பார்த்துவிட்டு, அவன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மாமா, செடி வெந்துபோனது அன்னைக்கே அத்தை சொல்லி வள்ளிக்கண்ணுவுக்குத் தெரியும், அது தெரிஞ்சா அப்பா தாங்க மாட்டாரு, யாரும் காட்டிக்காதீங்கன்னு டீச்சர்கிட்டகூட சத்தியம் வாங்கியிருக்கா, நாங்க நல்லா அதிசயப்பட்டோமா?"