நாற்பதில் இருபத்தாறு

“நான் முடிச்சு வச்ச கல்யாணத்துல நூத்துக்குத் தொண்ணூறு நல்லா இருக்கு” என்று கமருன்னிஸா மாமி சொல்லிவிட்டுப் போனதுதான் ஹம்தானை உறுத்தியது. தங்கை ஷிஃபாவின் நிக்காஹுக்கு இன்னும் பத்தே நாள். அதிராம்பட்டினத்தில் பாதிக் கல்யாணம் மாமி பேசி முடித்ததுதான். ஆனால் ஹம்தான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். ஒரே தங்கையின் வாழ்க்கையை வாய்வார்த்தையை நம்பி விட அவனுக்கு மனம் வரவில்லை.

“மாமி சொன்ன தொண்ணூறு உண்மைன்னே வச்சுக்குவோம் வாப்பா. நாப்பது ஜோடியைக் கேப்போம். ரொம்பக் குறைஞ்சா அந்தப் பேச்சு பொய். இந்தச் சம்பந்தம் வேணாம்.”

“கேளு” என்றார் வாப்பா அப்துல் வஹாப். படித்த பிள்ளையிடம் வேறென்ன சொல்வது?

மாமி முடித்த முந்நூறு ஜோடிகளில் சீட்டுக் குலுக்கி நாற்பதை எடுத்தான். வீடு வீடாகப் போய்க் கணவர்களைக் கேட்டான். நாற்பது பேரும் நன்றாகவே இருந்தார்கள். மனைவி பக்கத்தில் நிற்கும்போது வேறெப்படி இருப்பார்கள் என்பது வீடு திரும்பிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அடுத்து அதே நாற்பது பேரையும் டீக்கடையில் தனித்தனியாகக் கேட்டான். இருபத்தாறு பேர் “நல்லா இருக்கேன்” என்றார்கள். மற்ற பதினான்கு பேர் டீ ஆறும்வரை பேசினார்கள். ஹம்தான் பெயரோடு குறித்துக்கொண்டான்.

தொண்ணூறு உண்மையானால், நாற்பதில் இத்தனை குறைவாக வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. கூட்டலைச் சரிபார்க்க மனைவி ஷமாவிடம் பட்டியலைக் கொடுத்தான். அவள் தன் கூடப்பிறந்த லாத்தாவுக்கு மட்டும்தான் வாட்ஸப்பில் அனுப்பினாள்.

மாப்பிள்ளைகள் பெண் வீட்டில் குடியிருக்கும் ஊர் அது. மாலைக்குள் பதினான்கு பேரும் கைப்பையோடு தத்தம் உம்மா வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள்.

“போதும் காக்கா, விட்டுடுங்க” என்று ஷிஃபா அண்ணனிடம் அழுதாள். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஹம்தானுக்கு மனசு வலித்தது. ஆனாலும் கணக்கு கணக்குதானே.

மாமியை வரவழைத்து, வாப்பா முன்னிலையில் தாளை நீட்டினான்.

“உங்க தொண்ணூறு நிக்கல மாமி. இந்த மாப்பிள்ளை வேணாம்னு அவங்க வீட்ல சொல்லிடுங்க.”

மாமி தாளை நிதானமாகப் படித்தார். உள்ளே ஷிஃபாவின் விம்மல் கேட்டது. தாளை மடித்து அவனிடமே கொடுத்தார்.

“சொல்லிடறேன் தம்பி. ஆனா இதை என் கணக்குல சேக்காதீங்க. உங்க தங்கச்சியும் அந்தப் பையனும் மூணு வருஷமாப் பேசி, முடிவு பண்ணிட்டுத்தான் என்கிட்ட வந்தாங்க.”