பேச்சு டாக்டரும் மூணாவது தரமும்

வாயில் அடக்கிக்கொண்டு பேசிப் பழகக் கொடுத்த வேர்க்கடலையை வீராசாமி மென்று தின்றுவிட்டார். நேற்றும் இப்படித்தான்.

"பேசச் சொன்னா முழுங்கறீங்களே" என்றான் லூர்துநாதன்.

"வ... வ... வறுத்த மல்லாட்டை சார்" என்றார் வீராசாமி, குற்றம் தன்னுடையது அல்ல என்பதுபோல.

லூர்துநாதன் சண்டைக் காலத்தில் பெங்களூர் பட்டாள ஆஸ்பத்திரியில் குமாஸ்தாவாக இருந்தவன். குண்டுச் சத்தத்தில் பேச்சு போன சிப்பாய்களுக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் பேசப் பழக்கியதைக் கதவோரமாக நின்று பார்த்திருக்கிறான். சண்டை முடிந்து வேலை போனதும், செஞ்சிக்குப் பேச்சு டாக்டர் தான்தான் என்று தீர்மானித்துவிட்டான். கதவோரப் படிப்பு போதாதா என்ன?

மனைவி மரியசெல்விக்குப் போதவில்லை.

"கிறிஸ்மஸுக்குள்ள ஒருத்தரையாவது ஒழுங்கா பேச வெச்சிக் காட்டுங்க. இல்லன்னா சிங்கவரத்துக்கு வந்து எங்க நைனாகூட மல்லாட்டை புடுங்குங்க."

மச்சான்கள் சிரிக்க, மாமனார் நிலத்தில் குனிவதை நினைத்தாலே லூர்துநாதனுக்கு இடுப்பு வலித்தது. அந்த நேரத்தில் வீராசாமி தானாகவே தேடி வந்தது மாதா புண்ணியம் என்றுதான் நினைத்தான்.

வீராசாமி, ராஜாங்கத்தின் மல்லாட்டை மண்டியில் ஏலம் கூவுகிறவர். ஒரு தரம், ரெண்டு தரம் வரை தங்கு தடையில்லாமல் வரும். மூணாவது தரத்தில் நாக்கு மாட்டிக்கொள்ளும். அதற்குள் எவனாவது ஒரு வியாபாரி விலையை ஏற்றிவிடுவான். பாவம், மனிதர் மறுபடியும் முதலிலிருந்து கூவ வேண்டும்.

மல்லாட்டை வைத்தியம் வயிற்றுக்குள் போனதால் அவரை ராஜகிரிக் கோட்டைமேல் ஏற்றி உரக்கக் கத்தச் சொன்னான். வழியெல்லாம் அவர் திக்கித் திக்கித் தன் குறையைச் சொல்லிக்கொண்டே வந்தார். திருவண்ணாமலையில் மகள் வீட்டோடு போய் இருக்க ஆசையாம். முதலாளிதான் விடமாட்டேன் என்கிறாராம். உச்சியில் நின்று, "மூ... மூ... மூணு தரம்" என்று கத்தினார். எதிரே இருந்த மலையும் திக்கியது. ஒரு திக்கல் இரண்டானதுதான் மிச்சம்.

இறங்கும்போது வீராசாமியே ஒரு யோசனை சொன்னார். டாக்டர் முதலில் தன்னைப்போலவே திக்கிக் காட்டினால் தப்பு எங்கே என்று தனக்கு விளங்குமாம். லூர்துநாதனுக்கு அது நியாயமாகப் பட்டது. திக்கிக் காட்டினான்.

"இ... இன்னும் கொஞ்சம் இழுங்க சார். உ... உதட்டுலயே நிக்கணும்."

தினமும் இதே பாடம். நோயாளி திருத்தத் திருத்த, டாக்டர் சளைக்காமல் திக்கினான். ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து, "ம... ம... மரியசெல்வி" என்று கூப்பிட்டபோது அவனே திடுக்கிட்டுப் போனான்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வைத்தியம் பாக்கப் போனீங்களா, வாங்கிக்கினு வரப் போனீங்களா?" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கும்தான்.

போதும் இந்த டாக்டர் வேலை என்று மறுநாள் சொல்லிவிட்டு வர மண்டிக்குப் போனான். அங்கே வீராசாமி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டினார். மூட்டைகள் குவிந்து கிடந்தன. வியாபாரிகள் காத்திருந்தார்கள். முதலாளி ராஜாங்கம், படித்த பிள்ளைதானே என்று லூர்துநாதனை மேடையில் ஏற்றிவிட்டார்.

ஒரு தரம் வந்தது. ரெண்டு தரமும் வந்தது. மூணாவது உதட்டிலேயே நின்றது. "மூ... மூ..." என்று அவன் தவிக்கத் தவிக்க வியாபாரிகள் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒருவழியாக ஏலம் முடிந்ததும், மானம் போனதே என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினான். சிங்கவரத்து மல்லாட்டைக் காடு கண்ணில் தெரிந்தது.

ராஜாங்கம் வாயெல்லாம் பல்லாக நின்றார். வீராசாமி கழுத்துத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு திக்கல் இல்லாமல் சொன்னார்:

"பாத்தீங்களா மொதலாளி, இந்தத் திக்கல் படிய எனக்கே ஒரு வருசம் ஆச்சு, தம்பி ஒரே மாசத்துல புடிச்சிக்கினாரு, இனிமேலாவது என்னைத் திருவண்ணாமலைக்கு அனுப்புங்க."