ஜகார்த்தா ஓட்டிய கம்பெனி பஸ்

உத்திரமேரூர் தாலுகாவிலிருந்து தினம் இரண்டு தடவை இந்தோனேசியா போய்வந்தவர் ஜகார்த்தா ஒருத்தர்தான். போதாததற்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் நாற்பது பெண்கள். மானாம்பதியில் கிளம்பி, சாலவாக்கம் வழியாகச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பேக்டரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்கு அவர் டிரைவர். அவருடைய சொந்தப் பெயர் லைசென்ஸுக்கு மட்டும்தான் தெரியும்.

ஏறி உட்கார்ந்ததுமே டங்டுட் பாட்டு ஆரம்பித்துவிடும். இந்தோனேசியாவில் கல்யாண வீடு, கடைவீதி எல்லா இடத்திலும் அலறுகிற பாட்டாம். மத்தளம் 'டங்' என்று தொடங்கி 'டுட்' என்று முடியும். நடுவில் புல்லாங்குழல் அழும். ஒரு அம்மா காதலனைத் திட்டுவார். திட்டா, கொஞ்சலா என்பது ஜகார்த்தா சொல்வதைப் பொறுத்தது.

"அண்ணே, ஒரு நாளாவது தமிழ்ப் பாட்டு போடுங்களேன்!"

"இதுவும் தமிழ்ப் பாட்டு மாரிதாம்மா. வார்த்த மட்டும்தான் வேற."

வழியெல்லாம் ஊர் சுற்றிக் காட்டுவார். உத்திரமேரூர் ஏரி வந்தால் அது இந்தோனேசியாவின் தோபா ஏரி. சாலவாக்கம் செல்போன் டவர்தான் ஜகார்த்தா நகரத்து மோனாஸ் தூண். "வெள்ள வெளேர்னு தூணு. உச்சில தங்கத்துல நெருப்பு செஞ்சி வெச்சிகீறான்" என்பார். களத்தில் வைக்கோல் போர்கள் வரிசையாக நின்றால் போச்சு. "போரோபுதூர் பாத்துக்கோ! கல்லுல கோயில் மணியாட்டம் வரிசையா கட்டி, ஒவ்வொண்ணு உள்ளயும் ஒரு புத்தர் குந்திக்கினு கீறாரு. நம்மூர்லதான் புதூர் கீதுன்னு நெனச்சிக்கினு கீறீங்க. அங்கயும் ஒரு புதூர் கீது!"

பாஷையும் சொல்லிக்கொடுத்தார். எப்படி இருக்கே என்று கேட்க 'அப்பா கபார்'. நல்லா இருக்கேன் என்றால் 'பைக்'. மறுநாள் காலையில் நாற்பது பேரும் "அப்பா கபார்?" என்று கத்த, அவர் "பைக், பைக்!" என்று பதில் கத்த, அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த பெண், யாருடைய அப்பா பைக்கோ காணோம் என்று பதறிப்போனாள்.

"ஏழு வருஷம் ஜகார்த்தால மொதலாளிக்குக் கார் ஓட்டனேன்" என்பது அவர் சொல்லும் கதை. எனக்கு அதில் சந்தேகம். நான் குவாலிட்டி செக்‌ஷன், குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளமே.

அந்தச் சமயத்தில் புது மெஷின் மாட்ட இந்தோனேசியாவிலிருந்தே ஒரு இன்ஜினியர் வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஷிப்ட் முடிந்ததும் அவரை அழைத்துவந்து எங்கள் பஸ்ஸில் ஏற்றினேன். எல்லோர் கையிலும் செல்போன், வீடியோ எடுக்க.

"அப்பா கபார்?" என்றார் அவர்.

"பைக், பைக்!" என்றார் ஜகார்த்தா. பஸ்ஸே கைதட்டியது.

இன்ஜினியர் சந்தோஷமாக நீளமாக ஏதோ கேட்டார். ஜகார்த்தாவின் முகம் வெளுத்தது. இன்னொரு கேள்வி வந்தது. சட்டைக் காலரால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மெல்ல "பைக்" என்றார். முதலில் சிரித்தது நான்தான். பிறகு பஸ் முழுக்கச் சிரித்தது.

இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் காது கொடுத்துக் கேட்டார். ஜன்னல் கம்பியில் தாளம் போட்டபடி கூடவே பாட ஆரம்பித்தார். ஜகார்த்தாவும் பாடினார், ஒரு வார்த்தை பிசகாமல். ஆனால் கண்ணாடியில் எங்களை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மானாம்பதியில் முதல் ஆளாக ஏறினேன். எஃப்எம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்காமலே சொன்னார்.

"ஏழு வருஷம் இல்லமா. பதினோரு நாளு. ஏஜெண்டு பாஸ்போர்ட்ட புடுங்கிக்கினு ஒரு ரூம்ல அடச்சிட்டான். ஜன்னல்ல எட்டிப் பாத்தா அந்தத் தூணோட தங்க நுனி மட்டும் தெரியும். பக்கத்து வூட்ல நாள் பூரா அந்தப் பாட்டு. அத்த கேட்டுக்கினுதான் உசுர வெச்சிக்கினு இருந்தேன்."

"அப்போ ஏரி, போரோபுதூர் எல்லாம்?"

"திரும்பி வந்து போன்ல பாத்தது. பதினோரு நாளுன்னு சொன்னா எவம்மா கேப்பான்?"

'மன்னிச்சிடுங்கண்ணே' என்று சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போய் என் சீட்டில் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு டங்டுட் கேட்கவே இல்லை. பெண்கள் கெஞ்சினார்கள். "ஸ்பீக்கர் ரிப்பேருமா" என்றார். அதே ஸ்பீக்கரில் எஃப்எம் கத்திக்கொண்டிருந்தது. சாலவாக்கம் டவர் வெறும் செல்போன் டவராகவே தாண்டிப் போனது. இரண்டு மாதத்தில் பஸ் கான்ட்ராக்ட் மாறியது. அவரும் போய்விட்டார்.

போன வருஷம் சாலவாக்கத்தில் என் ஸ்கூட்டி பக்கத்தில் ஒரு ஸ்கூல் வேன் வந்து நின்றது. டிரைவர் சீட்டில் அவர்.

"அண்ணே!"

"அட, நீயாமா! நல்லா கீறியா? கண்ணாலம் ஆயிடுச்சா?"

ஆயிடுச்சு என்று தலையாட்டினேன். அன்றைக்குக் கேட்காத மன்னிப்பைக் கேட்க வாயெடுத்தேன். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஜகார்த்தா வாய் நிறையச் சிரித்து, கையை ஆட்டிவிட்டு, வேனை எடுத்தார்.

கொஞ்சம் திட்டிவிட்டுப் போயிருக்கலாம் அந்த மனுஷர்.