முதல் கால் எக்ஸ்ரே அக்காவுக்கு

புதுக்கோட்டையில் பாதிப் பேரை எக்ஸ்ரே அக்காவுக்குத் தெரியும். முகத்தை வைத்து அல்ல, எலும்பை வைத்து. கீழ ராஜ வீதியில் யாராவது வணக்கம் சொன்னால் அக்கா ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். "எடது மணிக்கட்டுதான நீங்க? இப்ப எப்படி இருக்கு?" என்பார். ஒருநாள் பேருந்து நிலையத்தில் எங்களைக் கடந்து போன ஒருவரின் நடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பத்தடி போன பிறகு, "சார்! வலது கணுக்கால், ரெண்டு ஸ்க்ரூ!" என்று கத்தினார். அந்த மனிதர் பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாங்க மேடம்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திருச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அவர் காலையே பார்த்தார்கள்.

நான் அப்போது டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சொந்த ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். தினமும் போய் வந்தால் பஸ்ஸிலேயே வயதாகிவிடும் என்று வேலை பார்க்கும் பெண்களுக்கான ஒரு ஹாஸ்டலில் சேர்ந்தேன். மாடியில் நாங்கள் ஆறு பேர். கீழே வார்டன் அம்மா. என் அறையில் இன்னும் இருவர். ஒருத்தி வல்லத்திராக்கோட்டை கீதா, ஜவுளிக்கடையில் பில் போடுபவள். இன்னொருவர்தான் எக்ஸ்ரே அக்கா. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். அந்த ஹாஸ்டலில் பதினோரு வருடமாக இருந்தார். அவருக்கு ஒரு பெயர் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், எனக்குக் கோபம் வந்துவிடும். ஏழு நாளும் சாம்பார். அசைவம் கிடையாது. அறையில் சமைக்கக் கூடாது. வாசலில் ஒரு பலகை உண்டு. இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், கெட்டில், மின் அடுப்பு வைத்திருப்பவர்கள் உடனே வெளியேற்றப்படுவார்கள் என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும்.

இந்த நிலையில் அக்காவின் தம்பி மகன் துபாயிலிருந்து வரும்போது அத்தைக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தான். ஏர் ஃப்ரையர். எண்ணெய்ச் சட்டி வேண்டாம், அடுப்பு வேண்டாம், இழுப்பறை மாதிரி இழுத்து உள்ளே வைத்துத் தள்ளினால் சூடான காற்றே சுழன்று சுழன்று வேகவைத்துவிடும். அக்கா கீழே போய்ப் பலகையை இரண்டு முறை படித்துவிட்டு வந்தார். "இதுல ஏர் ஃப்ரையர்னு போடல" என்றார். அதோடு சட்டப் பிரச்சினை தீர்ந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு கோழிக்கடைக்குப் போனார். கடைக்காரருக்குக் கத்தி தானாக இறங்கும். கோழியைப் பார்த்தால் துண்டு போட்டுவிடுவார்.

"வெட்டாதீங்க! தொடையோட சேத்து முழுக்கால். ஆறு."

"கொழம்புக்குப் பெருசா இருக்குமேங்க?"

"கொழம்பு இல்ல. தோலும் இருக்கட்டும்."

"தோலோடயா?" என்று அவர் என்னைப் பார்த்தார், இந்தம்மாவுக்கு ஒன்றுமில்லையே என்பது போல. முதல் காலை அதற்குள் நாலாக வெட்டியிருந்தார். அக்கா அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். "முறிஞ்சத நான் தினமும் ஆஸ்பத்திரியில பாக்கிறேன். எனக்கு முழுசா வேணும்."

அந்த முழுசுக்கு ஒரு கதை உண்டு. பிறகு ஒருநாள் அக்காவே சொன்னார். "எங்க வீட்டுல நாலு பொம்பளப் புள்ளைக, ஒரு தம்பி. கோழி அடிச்சா ஒரு காலு அப்பாவுக்கு, ஒரு காலு தம்பிக்கு. எங்களுக்குக் கழுத்து, ரெக்கை, முதுகு. ஒரு தடவ நான் கேட்டேன். 'பொட்டப் புள்ளைக்குக் காலு எதுக்குடி, ஓடப் போறியா?'ன்னு எங்காத்தா கேட்டுச்சு. கட்டிக் குடுத்த எடத்துலயும் அதேதான். அவரு குடிச்சிட்டுத் தட்ட வீசுவாரு. அந்தத் தட்டுலயும் கால்தான் இருக்கும்." சிரித்தார். "கடைசில ஓடித்தான் வந்துட்டேன். காலு திங்காமலே."

அந்தப் பெட்டி வருவதற்கு முன் எங்கள் ஆறு பேரில் ஒருத்தி கூட முழுக்கால் சாப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. நான் டிகிரி முடித்து, பி.எட். முடித்து, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கு மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை.

அக்கா சமைப்பதைப் பார்க்க டிக்கெட் போட்டிருக்கலாம். காலைக் கழுவித் துணியால் ஒற்றி ஈரமே இல்லாமல் துடைப்பார். எலும்பைத் தொடும்வரை மூன்று கீறல். மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு, எலுமிச்சைச் சாறு எல்லாம் அந்தக் கீறலுக்குள் போகும்படி தேய்ப்பார். ஒரு மணி நேரம் ஊறும். பெட்டிக்குள் ஒரு ஈட்டுக்கு இரண்டு கால்தான் கொள்ளும். தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, "ஆடாமப் படுங்க" என்று கோழிக்குச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தள்ளுவார். இருபது நிமிடம். பிறகு இழுத்து, "நேர் படம் முடிஞ்சது, இப்ப சைடு" என்று திருப்பிப் போடுவார். கடைசி ஐந்து நிமிடம் சூட்டைக் கூட்டினால் தோல் அப்பளமாகிவிடும். ஆனால் அத்தோடு கொடுத்துவிட மாட்டார். காலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூட்டுப் பக்கம் கத்தி முனையால் குத்துவார். "மேலாக்க எல்லாம் வெந்த மாதிரிதான் இருக்கும். எலும்போரம் பாரு, செவப்பு. உள்ள போ!" என்று மறுபடி தள்ளுவார். நாங்கள் தட்டோடு காத்திருப்போம்.

முதல் கால் அவருக்கு. அதில் பேச்சே இல்லை. "சமைச்சவ கடைசில சாப்பிடணும்னு எவ சொன்னா?" என்று கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எங்கள் கண் முன்னாலேயே தின்பார். நாங்கள் எச்சில் விழுங்குவோம்.

வார்டன் அம்மா ஞாயிறு மதியம் தூங்குவார். வாசனைக்கு ஹாஸ்டலின் பின்பக்கம் பிரியாணிக் கடை இருந்தது, பழியை அதன் மேல் போட்டுவிடலாம். ஆனாலும் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் அக்கா கையைத் தூக்குவார். "மூச்சப் பிடிங்க." ஆறு பேரும் பிடிப்போம். சத்தம் போன பிறகு, "விடுங்க." பழக்கதோஷம்.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு, பெட்டி ஓடும்போதே கீதா ஒளித்து வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியையும் போட்டுவிட்டாள். ஹாஸ்டல் முழுக்க கரண்ட் போய்விட்டது. வார்டன் அம்மா முட்டியைப் பிடித்தபடி படி ஏறி வந்தார். கீதா இஸ்திரிப் பெட்டி மேலேயே போர்வையைப் போட்டு உட்கார்ந்தாள். ஐயோ பாவம், அது சூடாக இருந்தது. அவள் முகம் போன போக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மேசை மேல் கறுப்புப் பெட்டி. பெருக்க வருபவர் திறந்துவிடக் கூடாது என்று அக்கா அதில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தார். அவருடைய எக்ஸ்ரே அறை வாசலில் இருப்பதைப் பார்த்து வரைந்தது. மூன்று இதழ் அபாயக் குறி, கீழே 'கதிர்வீச்சு. கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது.'

"என்னம்மா இது?"

அக்கா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "சின்ன எக்ஸ்ரே மிஷினுங்கம்மா. அவசரத்துக்குக் கையில வச்சிருக்கச் சொல்லியிருக்காங்க."

வார்டன் அம்மா பின்னால் நகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆறடி தள்ளி நின்னா ஒண்ணும் ஆகாதுங்கம்மா."

அவர் அடி அடியாக எண்ணிக்கொண்டே படிவரை போனார். போகும்போது, "அந்தப் பிரியாணிக் கடைக்காரன இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்கிறேன், ரூமுக்குள்ளயே வாடை வருது" என்றார். நாங்கள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தோம்.

சிரிப்பு புதன்கிழமை வரைதான். அன்று சாயங்காலம் வார்டன் அம்மா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேலே வந்து அக்காவின் கட்டிலில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"ஏம்மா எக்ஸ்ரே, ராத்திரியெல்லாம் முட்டி கொல்லுது. ஆஸ்பத்திரின்னா பயமா இருக்கு. மிஷினுதான் இங்கயே இருக்குல்ல, இங்கிட்டே ஒரு படம் எடுத்துரு." சொல்லிவிட்டு சேலையை முட்டிவரை ஏற்றிக் காலை ஏர் ஃப்ரையருக்கு நேராக நீட்டினார்.

முட்டி வீங்கியிருந்தது. கீதா அக்காவின் காதுக்குள், "சும்மா ரெண்டு நிமிசம் ஓட்டிட்டு, யாரோட பழைய படத்தையாச்சும் குடுத்துருங்கக்கா" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. உண்மையைச் சொன்னால் எங்களுக்குப் போவது ஞாயிற்றுக்கிழமைக் கோழி. அக்காவுக்குப் போவது வீடு. புருஷன் இல்லாமல் தனியாக இருக்கும் பெண்ணுக்கு நம் ஊரில் யார் வீடு கொடுக்கிறார்கள்? பதினோரு வருடம் முன்பு அலைந்து அலைந்துதான் அவர் இங்கே வந்து சேர்ந்திருந்தார்.

அக்கா அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வயித்துக்காகப் பொய் சொல்லலாம்டி" என்றார் கீதாவிடம். "எலும்புல சொல்லக் கூடாது."

எழுந்து போய் இழுப்பறையை இழுத்துக் காட்டினார். "இது கோழி சுடுற பெட்டிங்கம்மா."

வார்டன் அம்மா காலை மடக்கவே மறந்துவிட்டார். கேட்டது ஒரே கேள்வி.

"அப்ப மூணு மாசமா நான் பிரியாணிக் கடைக்காரன வஞ்சதெல்லாம்?"

"மாசக் கடசில ரூமக் காலி பண்ணிரு" என்று எழுந்தார்.

"பண்ணிடுறேங்கம்மா. ஆனா நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆட்டோ வரும். ரெடியா இருங்க, முட்டிய நான் பாக்கணும்."

வார்டன் அம்மா மாட்டேன் என்றுதான் சொன்னார். காலையில் அக்கா அவரைக் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். பை தூக்க நானும் போனேன். எக்ஸ்ரே அறைக்குள் அவர் நடுங்குவது வெளியே நின்ற எனக்கே தெரிந்தது. "நான் இருக்கேம்மா. ஆடாம நில்லுங்க. மூச்சப் பிடிங்க" என்ற குரல் கேட்டது. முட்டிப் படத்துக்கு மூச்சைப் பிடிக்க வேண்டியதே இல்லையாம். பயப்படுகிறவர்களுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று அக்கா பிறகு சொன்னார். ஆனால் 'விடுங்க' என்று சொல்ல மறந்துவிட்டார். வார்டன் அம்மா மூச்சைப் பிடித்தபடியே வராந்தா வரை வந்துவிட்டார். டாக்டர் படத்தைப் பார்த்தார். மூட்டுத் தேய்மானம், மாத்திரை, இனிமேல் படி ஏறக் கூடாது.

அந்த வாரம் அக்கா நான்கு வீடு பார்த்தார். "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" "இல்லைங்க." "புள்ளைக?" "இல்லைங்க." "அப்ப கூட யாரு?" அதற்கு மேல் யாரும் சாவியை எடுக்கவில்லை. நான்காவது வீட்டிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "அந்தம்மா இடுப்பெலும்ப ரெண்டு தடவ நான்தான் படம் எடுத்தேன். எனக்கு அடையாளம் தெரியுது. அவங்களுக்கு என்னயத் தெரியல" என்றார். எப்போதும் சிரித்துக்கொண்டே இதையெல்லாம் சொல்கிறவர் அன்று சிரிக்கவில்லை.

ஞாயிறு வந்தது. கோழிக்கடைக்கு யாரும் போகவில்லை. பத்து மணிக்குப் படியின் கீழிருந்து ஒரு சத்தம்.

"எக்ஸ்ரே! அந்தப் பெட்டியத் தூக்கிட்டுக் கீழ வா!"

பறிமுதல்தான் என்று நினைத்தோம். அக்கா பெட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே நாங்கள் ஐந்து பேரும். வார்டன் அம்மா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அங்கிட்டு வை, அந்தப் பெரிய பிளக்குக்கிட்ட. இது லோடு தாங்கும்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"என்ன முழிக்கிற? டாக்டரு படி ஏறக் கூடாதுன்னுட்டாரு. நீ மேல உக்காந்து என்ன சுடுறேன்னு நான் எப்படி வந்து பாக்கிறது? என் கண்ணு முன்னாடியே சுடு."

"காலி பண்ணச் சொன்னீங்களேம்மா?"

"காலி பண்ணிட்டு எங்கிட்டுப் போவ? எவ வீட்டுல போயி கரண்டக் கட் பண்ணுவ? பேசாம கோழி வாங்கிட்டு வா."

அன்று ஏழு கால். முதல் ஈடு வந்ததும் அக்கா ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூட்டில் குத்தினார். சாறு தெளிவாக வந்தது. தட்டில் வைத்தார். வழக்கம்போல் தான் சாப்பிட உட்காரவில்லை. வார்டன் அம்மாவின் மடியில் வைத்தார். அக்கா முதல் காலை இன்னொருவருக்குக் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வார்டன் அம்மா தட்டைக் குனிந்து பார்த்தார். "முழுசாவா? எனக்கா?"

"ஒங்களுக்குத்தான்."

"எங்க வீட்டுல அஞ்சு ஆம்பளைங்க" என்றார் அவர். எலும்பில் ஒரு நாரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அடுத்த வாரம் வாசல் பலகையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது: 'ஏர் ஃப்ரையர், ஞாயிறு மட்டும், கீழ்த்தளத்தில் மட்டும்.' பிரியாணிக் கடைக்காரருக்கும் ஒரு கால் போனது. எதற்கு என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

எனக்குக் கல்யாணமாகி இப்போது அறந்தாங்கியில் இருக்கிறேன். மறுவீட்டு விருந்தில் அம்மா மாப்பிள்ளை இலையில் இரண்டு காலையும் வைத்தார். நான் கையை நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு மயக்கம் வராத குறை. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், மற்றதை மட்டும் கொஞ்சம் அவசரமாக எடுத்துக்கொண்டார்.

அக்கா இன்னும் அதே ஹாஸ்டலில்தான் இருக்கிறார். எங்கள் வீட்டிலும் இப்போது ஒரு பெட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் காலை என் தட்டில் வைத்துக்கொண்டு அவருக்கு போன் போடுவேன்.

"அக்கா, எடுத்துட்டேன்."

"எலும்போரம் பாத்தியா?"

"பாத்தேங்க்கா. வெந்திருச்சு."

"ஒனக்குத்தான? முழுசா?"

"முழுசா, எனக்குத்தான்."

"சரி, மூச்ச விடு" என்பார். அவர் சொல்லும்வரை நான் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.